பிள்ளையை விளையாட அனுப்பும் முன் துப்பாக்கி பற்றிக் கேட்பது எப்படி?

ஃப்ரிஸ்கோ அம்மா:

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல, டெக்சாஸ்ல. பையனுக்கு எட்டு வயசு. அவன் கிளாஸ் பையன் ஒருத்தன் வீட்டுக்கு இந்தச் சனிக்கிழமை மதியம் விளையாடக் கூப்பிட்டிருக்காங்க. அந்த அம்மாவை ஸ்கூல் வாசல்ல பார்த்துப் பேசிப் பழக்கம், தங்கமான மனுஷி. அப்பாவோட பிக்கப் ட்ரக் பின்கண்ணாடியில மான் கொம்பு ஸ்டிக்கர், வேட்டைக்குப் போறவங்க ஒட்டுற மாதிரி. ஸ்டிக்கரை வெச்சு ஆளை எடை போடக் கூடாதுதான், ஆனா பார்த்ததுலேர்ந்து மனசு அங்கேயே நிக்குது.

நாய் இருக்கானு கேட்டுட்டேன் (இருக்கு, சாதுவாம்). நீச்சல் குளம் இருக்கானு கேட்டுட்டேன் (இல்லை). இவனுக்கு வேர்க்கடலை ஆகாதுங்கிறதையும் சொல்லிட்டேன். துப்பாக்கி விஷயத்தை மட்டும் டைப் பண்றதும் அழிக்கிறதுமா உட்கார்ந்திருக்கேன்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நம்ம பையனை ஆசையா கூப்பிட்டிருக்காங்க, நீ போய் உங்க வீட்ல என்ன ஆயுதம் வெச்சிருக்கீங்கனு விசாரிப்பியா? அடுத்த தடவை கூப்பிடவே மாட்டாங்க"ங்கிறார். நாங்க ரெண்டு பேரும் துப்பாக்கியைக் கிட்டத்துல பார்த்தது பேங்க் வாசல் செக்யூரிட்டி தோள்லதான். ஊர்ல தேர்தல் தேதி அறிவிச்சா, லைசன்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிற பெரிய மனுஷர் அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைப்பார், யார் வீட்ல இருக்குனு தெருவுக்கே தெரியும். டெக்சாஸ்ல அப்படிப் பதிவேடே கிடையாது. பியூ ஆராய்ச்சி மையம் 2023ல அமெரிக்கா முழுக்க எடுத்த சர்வேயில, பத்துல நாலு பேர் தங்கள் வீட்ல துப்பாக்கி இருக்கறதா சொல்லியிருக்காங்க. எங்க தெருவுல எண்ணிப் பார்த்தா தூக்கம் போயிடும்.

கேட்கிறவங்க எப்படிக் கேட்கிறீங்க? போன்லயா, மெசேஜ்லயா? "ஆமா, இருக்கு"னு பதில் வந்தா அதுக்கப்புறம் என்ன சொல்றது? இன்னொண்ணு, நம்ம தமிழ் வீடுகள்லயும் கேட்கிறீங்களா? இதுவரை நான் ஒரு தமிழ் வீட்லயும் கேட்டதில்லை.

---

ராலே ரெட்டை வாலு:

நான் கேட்கிறேன், எல்லார் வீட்லயும் கேட்கிறேன். அந்தக் கேள்வியைத் தனியா அனுப்பாதீங்க, அப்பதான் அது குற்றச்சாட்டு மாதிரி போய் விழும். நாய், குளம், அலர்ஜி வரிசையிலயே அதையும் சேர்த்துடுங்க. முதல்ல நம்ம வீட்டு விவரம், அப்புறம் கேள்வி. நான் அனுப்புறதோட சாரம் இதுதான்: "எங்க வீட்ல பூனை உண்டு, துப்பாக்கி கிடையாது, நாங்க ரெண்டு பேருமே வீட்ல இருப்போம். உங்க பக்கம் நாய், பூனை உண்டா? துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா? எல்லா வீட்லயும் இதைக் கேட்டுக்கிறது என் வழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க."

மெசேஜ்தான் நல்லது. நேர்ல கேட்டா அவங்க முகமும் மாறும், நம்ம குரலும் குழறும். மெசேஜ்னா யோசிச்சுப் பதில் போட அவங்களுக்கும் அவகாசம் கிடைக்கும். ஒரு அம்மா, "நானே கேட்கணும்னு இருந்தேன், எப்படி ஆரம்பிக்கிறதுனு தெரியலை"னு எழுதினாங்க. ஒரே ஒரு வீட்லேர்ந்து பதிலே வரலை. அந்தப் பையனை நான் எங்க வீட்டுக்கு வரச் சொன்னேன், வந்தான், இன்னிக்கும் வர்றான்.

---

மிச்சிகன் நர்ஸ்:

குழந்தைகள் எமர்ஜென்சி வார்டுல வேலை பாக்கிறேன். என்ன பார்த்தேன்னு இங்க எழுதப்போறதில்லை. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை மட்டும் படிச்சுக் காட்டுங்கம்மா.

அட்லாண்டாவுல ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2001ல குழந்தை மருத்துவ இதழ்ல வந்தது. 8லேர்ந்து 12 வயசுப் பையன்களை ரெண்டு மூணு பேரா ஒரு அறையில கால் மணி நேரம் விட்டாங்க. மேஜை டிராயர்கள்ல ரெண்டு தண்ணித் துப்பாக்கி, ஒரு நிஜக் கைத்துப்பாக்கி, அது சுட முடியாதபடி செஞ்சது. நிஜத் துப்பாக்கி கண்ல பட்ட 48 பையன்கள்ல 30 பேர் கையில எடுத்தாங்க, 16 பேர் விசையை இழுத்தாங்க. பார்த்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பொம்மைனு நினைச்சாங்க, இல்லேன்னா நிஜமானு நிச்சயமில்லைன்னாங்க. தொட்டவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல, துப்பாக்கியைப் பத்தி ஏற்கெனவே யாரோ புத்தி சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க. அதனால "என் பையன் தொட மாட்டான், சொல்லி வளர்த்திருக்கேன்"ங்கிற பேச்சை என்கிட்ட எடுத்துட்டு வராதீங்க. சொல்லிக் கொடுங்க, "பார்த்தா தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லு"னு கட்டாயம் சொல்லுங்க. ஆனா அதை நம்பி உட்கார்ந்திராதீங்க.

அலபாமா கிராமப்புறத்துல இன்னொரு ஆய்வு, 2006ல வெளியானது. பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியா கேட்டாங்க. துப்பாக்கி எங்க இருக்குனு பிள்ளைக்குத் தெரியாதுனு அடிச்சுச் சொன்ன பெற்றோர்ல 39 சதவீதம் பேரோட பிள்ளைங்க, "எனக்குத் தெரியும்"னு சொன்னாங்க.

இருக்குனு பதில் வந்தா மூணு விஷயம் கேளுங்க. பூட்டியிருக்கா, தோட்டா எடுத்துட்டு வெச்சிருக்கா, தோட்டா வேற இடத்துல தனியா பூட்டியிருக்கா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி சொல்றதும் இதேதான் (துப்பாக்கியே இல்லாத வீடுதான் பாதுகாப்புனு முதல்ல சொல்லிட்டு). "மேல் ஷெல்ஃப்ல வெச்சிருக்கோம், எட்டாது"ங்கிற பதிலை, பூட்டலைனு எடுத்துக்கோங்க. நம்ம வீட்ல முறுக்கு டப்பாவை எவ்வளவு உயரத்துல வெச்சாலும் ஸ்டூல் போட்டு எடுத்தவங்கதானே நாம.

மிச்சிகன்ல 2024 பிப்ரவரியிலேர்ந்து சட்டமே இருக்கு. சொந்தப் பிள்ளை இல்லாத வீடானாலும், பிள்ளைங்க வந்து போக வாய்ப்பிருந்தா பூட்டியே ஆகணும். வெளியூர்ப் பிள்ளை விருந்துக்கு வந்தாலும் பொருந்தும். அதனால இங்க கேட்கிறது இப்போ கொஞ்சம் சுலபம்.

பையன் பதின்ம வயசுக்கு வந்தபிறகும் கேட்கிறதை நிறுத்தாதீங்க. அந்த வயசுல பயம் வேற மாதிரி. மனசு உடைஞ்ச ஒரு நிமிஷத்துல பூட்டாத துப்பாக்கி கைக்குக் கிடைக்கக் கூடாது.

---

எதுக்கு வம்பு:

இவ்வளவு யோசனை வேணுமா? எல்லாப் பிள்ளைங்களையும் உங்க வீட்டுக்கே வரச் சொல்லிடுங்க. பீட்சா வாங்கிப் போடுங்க. கேள்வியே வேண்டாம்.

---

ராலே ரெட்டை வாலு:

வம்பு, நானும் கொஞ்ச நாள் அதைத்தான் செஞ்சேன். ஆறு வயசுல நடக்கும். பத்து வயசுல பையனே சைக்கிள் எடுத்துட்டு நாலு வீடு சுத்துவான், "இன்னிக்கு அவன் வீட்ல தூங்கட்டுமா"ம்பான். அப்ப திடீர்னு கேட்க ஆரம்பிச்சா இன்னும் கஷ்டம்.

---

ஹூஸ்டன் பக்கம்:

தங்கச்சி, நான் துப்பாக்கி வெச்சிருக்கிற தமிழன். வாரக்கடைசியில சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போவேன், கைரேகை வெச்சாத் திறக்கிற சேஃப் இருக்கு, தோட்டா வேற பெட்டி. யாராவது கேட்டா எனக்குக் கோபம் வராது. ஒழுங்கா வெச்சிருக்கிறவன் பெருமையா பதில் சொல்லுவான். கேட்டதுக்கே முகம் சுளிச்சா அவன் சேஃபைப் பத்தி நீங்க சந்தேகப்படலாம்.

ஒரு விஷயம் மட்டும். "இருக்கா"னு கேட்காதீங்க. திருட்டுப் பயத்துல பலர் இருக்குனு வெளியே சொல்ல மாட்டாங்க, சும்மா இல்லைனுடுவாங்க. "பூட்டாத துப்பாக்கி எதுவும் பிள்ளைங்க கைக்கு எட்டுற இடத்துல இல்லையே?"னு கேட்டுப் பாருங்க. வெச்சிருக்கிறவன் எத்தனை இருக்குனு காட்டிக்காம உண்மையைச் சொல்ல முடியும்.

வண்டியையும் கேளுங்க, இதை யாரும் கேட்கிறதில்லை. வீட்ல சேஃப் இருக்கும், ட்ரக்குல சீட்டுக்கு நடுவுல இருக்கிற பெட்டியில ஒண்ணு கிடக்கும். பிள்ளைங்க கண்ணாமூச்சி ஆடுறது கராஜ்லயும் கார்லயும்தான். டெக்சாஸ் சட்டப்படி, சுடத் தயாரா இருக்கிற துப்பாக்கி அஜாக்கிரதையால 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கைக்குக் கிடைச்சா, வெச்சவன் மேல கேஸ். ஆனா கேஸ் பின்னாடி வர்ற விஷயம்.

தமிழ் வீட்ல கேட்கணுமான்னு கேட்டீங்களே. கேளுங்க, கட்டாயம் கேளுங்க. எச்1பி வேலை விசாவுல இருக்கிறப்போ வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்கு தவிர துப்பாக்கி வெச்சுக்க அமெரிக்க மத்திய சட்டம் விடாது. க்ரீன் கார்டு வந்துட்டா அந்தத் தடை இல்லை. எனக்குத் தெரிஞ்ச நம்ம ஆட்கள் பலர் கோவிட் சமயத்துல வாங்கினாங்க, கோயில்ல பார்த்தா அதைப் பத்திப் பேச மாட்டாங்க. அதோட, நம்ம வீடுகள்ல மதியம் பிள்ளைங்களைப் பாத்துக்கிறது ஊர்லேர்ந்து வந்த தாத்தா பாட்டி. மருமகன் பீரோவுல என்ன வெச்சிருக்கார்னு அவங்களுக்கே தெரியாது. எங்க அம்மா வந்திருந்தப்போ நான் முதல்ல காட்டினது அந்த சேஃபைத்தான். ஒரு மாசம் அந்த ரூம் பக்கமே வரலை, பூஜை அறைக்கே சுத்திட்டுப் போவாங்க.

---

ஃப்ரிஸ்கோ அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ராலே சொன்ன மாதிரி வரிசையில சேர்த்து, ஹூஸ்டன் அண்ணா சொன்ன வார்த்தையிலயே அனுப்பினேன். கொஞ்ச நேரத்துலயே பதில் வந்துடுச்சு. வேட்டைத் துப்பாக்கியெல்லாம் சேஃப்ல, நம்பர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியுமாம். ட்ரக்கைக் கேட்டதுக்கு, "நல்லவேளை கேட்டீங்க, அவர்கிட்ட சொல்லி சனிக்கிழமைக்கு முன்னாடி உள்ள எடுத்து வெச்சிடறேன்"னு எழுதியிருக்காங்க. அனுப்பறதா முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரர் அந்தப் பதிலை வாங்கிப் படிச்சார், ஒண்ணும் சொல்லலை, அப்புறம் "ட்ரக்குல இருந்திருக்கா?"னு மட்டும் கேட்டார்.

அதே சூட்டோட, அடுத்த வாரம் போகப்போற தமிழ் வீட்டுக்கும் அதே மெசேஜை அனுப்பிட்டேன். அங்கதான் இடிச்சது. ரொம்ப நேரம் கழிச்சு அவங்க போன்ல கூப்பிட்டாங்க. இருக்காம். அலமாரியில துணிக்கடியிலயாம். பூட்டு வாங்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்காங்களாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை, "இப்போதைக்குப் பிள்ளைங்க இங்கே விளையாடட்டும்"னுட்டேன், அவங்களும் சரினாங்க. நாளைக்கே ஏதாவது வாங்கணும்னு கேட்கிறாங்க. சேஃப் விலையைப் பார்த்துத் தயங்கறாங்க. வேற வழி இருக்கா?

---

மிச்சிகன் நர்ஸ்:

இருக்கும்மா. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி, கேபிள் பூட்டு இருக்கானு கேட்கச் சொல்லுங்க. ப்ராஜெக்ட் சைல்டுசேஃப் திட்டத்துல பல ஊர் போலீஸ் இலவசமா கொடுக்கிறாங்க, துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டு வாங்கிட்டு வந்தாப் போதும். தோட்டாவை எடுத்துட்டு, கேபிளைத் துப்பாக்கிக்குள்ள நுழைச்சுப் பூட்டணும், பூட்டினா அதுல தோட்டாவே போட முடியாது. எப்படி நுழைக்கிறதுங்கிற குறிப்பு அதோடயே வரும். தோட்டாவுக்குத் தனியா பூட்டுள்ள ஒரு சின்னப் பெட்டி. ரெண்டு சாவியும் பெரியவங்க கையில இருக்கணும், அதே அலமாரி ஆணியில மாட்டக் கூடாது.

---

ஹூஸ்டன் பக்கம்:

கேபிள் பூட்டு இன்னிக்குப் போடட்டும், ஆனா கட்டர் கிடைச்சா அதை வெட்டிடலாம். காசு சேர்த்துச் சின்ன சேஃப் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க, படுக்கைக்குப் பக்கத்துல வைக்கிற அளவுக்குக் கிடைக்குது. அந்த வீட்டு அண்ணனுக்கு விருப்பம்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க, எதை வாங்கலாம்னு சொல்றேன். துணிக்கடியில வெச்சதுக்காக யாரும் அவரைத் திட்ட வேண்டாம், கேட்டதும் மறைக்காம சொல்லியிருக்காங்கல்ல.