இருட்டினால் தானே எரியும் விளக்கு: செய்து பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கும்பகோணம் கம்பி
எல்லாருக்கும் தெரிந்த சர்க்யூட்தான். 12 வோல்ட், ஒரு எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் சென்சார்), 100கே பிரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்), பிசி547 டிரான்சிஸ்டர், விளக்கைப் போட்டு அணைக்க ரிலே (சுருளில் மின்சாரம் போனால் டிக்கென்று மாறும் சுவிட்ச்). மேசையில் அருமையாக வேலை செய்தது. எல்டிஆரைக் கையால் மூடினால் எரியும், எடுத்தால் அணையும். அந்தத் தைரியத்தில் ஊருக்குக் கொண்டுபோய் அம்மா வீட்டு வாசல் விளக்கில் மாட்டிவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஆறரைக்கு அம்மா போன். "டேய், வாசல்ல பல்லி விடாம சொல்லிக்கிட்டே இருக்குடா. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல. லைட்டு வேற கண்ணடிக்குது." பின்னால் டிக் டிக் டிக் என்று போனிலேயே கேட்டது. பல்லி இல்லை, ரிலே. விளக்கு எரிந்ததும் அந்த வெளிச்சம் எல்டிஆர் மேலேயே விழுகிறது. விடிந்துவிட்டது என்று நினைத்து அணைக்கிறது. அணைந்தால் இருட்டு, திரும்ப எரிகிறது. சுவிட்சை அணைக்கச் சொன்னேன். "ஆமாடா, பல்லி நின்னுடுச்சு" என்றார் அம்மா.

அடுத்த முறை போனபோது, தீர்ந்துபோன பேனாவின் கறுப்புக் குழாய்க்குள் எல்டிஆரைச் சொருகி, வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன்.

சாக்பீஸ்
எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குச் செய்தார்கள். தெர்மோகோல் வீடுகள், ஸ்ட்ரா கம்பங்கள், நுனியில் எல்இடி. கூடம் அன்றைக்கு மங்கல். பிரீசெட்டை மயிரிழையில் நிறுத்தி வைத்திருந்தோம். பார்வையிட வந்த அதிகாரி ஜன்னலை மறைத்து நின்றார், தெரு முழுக்க விளக்கு எரிந்தது. நகர்ந்தார், அணைந்தது. திரும்பி வந்தார், எரிந்தது. விளக்கம் சொல்ல வேண்டிய பெண் மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்துவிட்டு, "சார் வந்தா எரியுது சார்" என்றாள். அவர் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழைய ஓசில்லேட்டர்
முதல் பதிவு போட்ட தம்பிக்கு: பேனாக் குழாய் தீர்வே இல்லை. ஒட்டுவேலை. ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்தால் எரிவதும் அணைவதும் ஏறக்குறைய ஒரே புள்ளியில்தான் நடக்கும். மேகம் ஒன்று கடந்தால்கூட அந்திநேரத்தில் ரிலே தடுமாறும். இரண்டு புள்ளிகளும் விலகி இருக்க வேண்டும். 555 ஐசி போடுங்கள், எட்டுக் கால் சில்லு. இரண்டாவது, ஆறாவது கால்களைச் சேர்த்துவிடுங்கள். எல்டிஆர் பிளஸ்ஸிலிருந்து அந்தக் கால்களுக்கு, பிரீசெட் அங்கிருந்து கிரவுண்டுக்கு. 12 வோல்ட்டில், அங்கே 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எரியும், 8 வோல்ட்டுக்கு மேலே போனால்தான் அணையும். நடுவில் என்ன ஆனாலும் அசையாது. சின்ன ரிலேயை அதன் மூன்றாவது காலே தாங்கும், தனி டிரான்சிஸ்டர் வேண்டாம். பிரீசெட்டோடு தொடராக ஒரு 1கே ரெசிஸ்டர் போடுங்கள். 555 இல்லையென்றால் எல்எம்358 ஐசி போட்டு, வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் கொடுத்தாலும் இதே பலன். நான் செய்தது? 1990-களில் கோழிப்பண்ணைக்கு ஒன்று. நன்றாகவே ஓடியது, சொல்ல ஒன்றுமில்லை.

ரிலேப் பைத்தியம்
ஐயா, அவர் யோசனை கேட்கவே இல்லையே!

என் கதை டயோடு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற உருப்படி. வாரம் ஒரு பிசி547 செத்தது. மூன்றாவது முறை சென்னை ரிச்சி தெருவில் அதே கடையில் போய் நின்றேன். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரிலேக்குக் குறுக்க டயோடு போடலியா?" வெட்கமாகிவிட்டது. ரிலே அணையும்போது சுருள் திருப்பி அடிக்கும் அடி முழுவதும் டிரான்சிஸ்டர் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஒரு 1என்4007 டயோடு வாங்கி வந்து அன்றைக்கே போட்டேன், தலைகீழாக. நாலாவதும் போச்சு. வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். இனி சாகும்வரை மறக்காது.

ஈரக்கை
டிரான்ஸ்ஃபார்மருக்குக் காசு எதற்கு என்று கெப்பாசிட்டர் வைத்து நேராக மெயினிலிருந்து சப்ளை எடுத்தவன் நான். ஒரு வருடம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் நாலு மணிக்கே விளக்கு எரிய ஆரம்பித்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், சன்ஷேடில் எல்டிஆர் மேல் சிலந்தி வலை, அதில் தூசி. விரலால் துடைத்தேன். 12 வோல்ட்தானே என்ற நினைப்பு. அந்த 12 வோல்ட் 230-ன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது என்பது கை உதறியபோதுதான் உறைத்தது. ஏணி சுவரோடு நின்றது, நான் செம்பருத்திச் செடியில் கிடந்தேன். வீட்டில் இன்னும் செடி ஒடிந்ததைத்தான் சொல்லிக்காட்டுகிறார்கள்.

கும்பகோணம் கம்பி
ஓசில்லேட்டர் ஐயா, கோபம் வேண்டாம். போன பொங்கலுக்கு நீங்கள் சொன்ன 555-தான் போட்டேன். குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், மறுபடி பல்லி! 4-லிருந்து 8 வோல்ட்டுக்குப் போக எல்டிஆரின் தடை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் போதும். ஒரு முழம் தள்ளி 9 வாட் பல்பு இருந்தால் அதற்கும் கீழே போய்விடுகிறது. அதனால் 555-ம் இருக்கிறது, பேனாக் குழாயும் இருக்கிறது.

இப்போது அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் பல்லி சொல்கிறது. சாயங்காலம் ஒன்று, விடியற்காலை ஒன்று. விடியற்காலையில் சொன்னால் எழுந்து பால் பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாராம்.