"மஸ்ட் பி ரீப்ளேஸ்ட்" சீனத்தில் எப்படி? எல்லாவற்றுக்கும் "பெய்" போடலாமா? (அவசரம்)

அவசரக்காரன்:
தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. கையேடு முழுக்க இதே மாதிரி செயப்பாட்டு வினைகள். எல்லாவற்றுக்கும் "பெய்" (நம்ம "படு" மாதிரி, சீனத்தில் செயப்பாட்டைக் காட்டும் சொல்) போட்டு அனுப்பினேன், பாதிக்கு மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் கொடுக்கணும்.

நாலாம்தொனி:
எதை மாற்றணும்? யார் மாற்றணும்? முழு வாக்கியத்தைப் போடுங்க.

தைபேக்காரர்:
எளிய எழுத்தா, மரபு எழுத்தா? எந்த ஊருக்கு?

சொல்வேட்டை:
இதெல்லாம் ஆரம்பப் பாடம். "பெய்" பெயராக நின்றால் போர்வை. வினையாகப் பழைய சீனத்தில் 'ஆளாகு, படு'. ஆகவே கெட்டது நடந்தால் மட்டும்தான் போடணும். பர்ஸ் திருடுபோனால் "ச்சியென்பாவ் பெய் தோ ல". அகராதியைத் திறந்து பார்த்திருக்கலாம்.

நாலாம்தொனி:
"மட்டும்தான்" தப்பு. "பெய் ச்செங்வெய்" (என அழைக்கப்படுகிறது), "பெய் ரென்வெய்" (எனக் கருதப்படுகிறது) இரண்டிலும் என்ன கெட்டது நடக்கிறது? ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெயர்த்துப் பெயர்த்து எழுத்து நடையில் இந்தப் பொது வழக்கு விரிந்துவிட்டது.

கெட்டதே நடந்தாலும் "பெய்"க்குப் பின் மொட்டை வினை நிற்காது. "பெய்ட்ஸ பெய் தா" (கோப்பை, பெய், அடி) என்றால் வாக்கியம் தொங்கும். "பெய்ட்ஸ பெய் தாபோ ல" என்றால்தான் 'கோப்பை உடைக்கப்பட்டது'. (கோப்பையைக் குறிக்கும் "பெய்ட்ஸ"வில் வரும் பெய் முதல் தொனி, செயப்பாட்டு "பெய்" நாலாம் தொனி; குரல் ஏற்ற இறக்கம் வேறு, சொல்லும் வேறு.) உடைபடவில்லை என்றால் "மெய் பெய் தாபோ": எதிர்மறை "பெய்"க்கு முன்னால்தான் வரும்.

அவசரக்காரன்:
தண்ணீர் ஃபில்டர். பெய்ஜிங்குக்கு. 'உள்ளுறையை 6 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மாற்ற வேண்டும்', இதுதான் ஆங்கிலத்தில் பாஸிவாக இருக்கு.

நாலாம்தொனி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

"ல்யூஷின் யிங் மெய் 6 கெ யுயே யோ ஜுவான்யே ரென்யுவான் கெங்ஹுவான் யீ ட்ஸ."

சொல்லுக்குச் சொல்: உள்ளுறை, வேண்டும், ஒவ்வொரு, 6 மாதம், பொறுப்பு இவருடையது, தொழில்முறை ஆள், மாற்று, ஒரு தடவை. "பெய்" எங்கேயும் இல்லை. "யோ" வேலை யார் பொறுப்பு என்பதைச் சொல்லும், பாதிப்பு வாடை அடிக்காது. ஆளைச் சொல்லாத வரிகளில் "யோ" முதல் "ரென்யுவான்" வரை வெட்டிவிடுங்க, மீதி அப்படியே நிற்கும். '2019-இல் தயாரிக்கப்பட்டது' போல நடந்து முடிந்ததன் காலமோ இடமோ முக்கியமென்றால் "ஷி 2019 நியென் ஜிட்சாவ் த".

பழந்திண்ணை:
'திண்ணை மெழுகிற்று' என்று நம் உரைகாரர்கள் காட்டியது இதுதானே? திண்ணையா மெழுகும்? "ஷின் ஷியெ ஹாவ் ல" என்பதும் அப்படித்தான்: கடிதம், எழுது, முடிந்தது. கடிதம் எழுதாது என்று கேட்பவருக்கே தெரியும், தனி அடையாளம் எதற்கு? "செயப்படு பொருளைச் செய்தது போல" என்று தொல்காப்பியத்தில் சூத்திரமே இருக்கு.

சொல்வேட்டை:
அது செயப்பாட்டு வினை ஆகாது. தமிழில் "படு" வந்தால்தான் செயப்பாடு. அதுவும் 'தெரிவிக்கப்பட்டுள்ளது' எல்லாம் ஆங்கிலப் பேப்பரைப் பார்த்து வந்த தமிழ்.

பழந்திண்ணை:
"செயப்படு" என்ற சொல்லிலேயே படு உட்கார்ந்திருக்கு. தொல்காப்பியர் எந்த ஆங்கிலப் பேப்பர் வாங்கினார்?

தைபேக்காரர்:
கிண்டல் "பெய்"யை விட்டுட்டீங்களே. வேலையே கிடைக்காத பட்டதாரியை வேலையில் சேர்ந்தவர் கணக்கில் ஏற்றினால் "பெய் ஜியூயே", 'வேலை-சேர்க்கப்பட்டார்'. இந்த வழக்கு பரவித்தான் 2009-ஆம் ஆண்டின் சீன எழுத்தாகவே "பெய்"யைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சொல்வேட்டை:
கேள்விக்குத் தொடர்பில்லாதது.

அவசரக்காரன்:
அனுப்பியாச்சு, நன்றி. 'வாரன்டி ரத்தாகும்' என்ற இடத்தில் மட்டும் "பெய்" விட்டுவைத்தேன், கெட்ட விஷயம்தானே.

நாலாம்தொனி:
அங்கேயும் வேண்டாம்! "பாவ்ஷியூ ஷிஷியாவ்" போதும். "ஷிஷியாவ்" என்றாலே 'செல்லாமல் போ', தன்வினை. அனுப்பின ஃபைலைத் திரும்ப வாங்க முடியுமா?