தலையில் அடிபட்டு நாலு மாசம் கழித்து வலிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

என் தம்பி வேளச்சேரியில் பைக்கிலிருந்து விழுந்து, மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன். நல்லாத்தான் தேறி வந்தான். போன ஞாயிறு இட்லியைப் பிட்டவன் கை அப்படியே நின்று துடித்தது, பிறகு உடம்பு முழுக்க. பக்கத்து வீட்டு மாமா சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இப்போது வலிப்புக்கு லெவெடிரசெட்டம் மாத்திரை போடுகிறான். அதிலிருந்து அம்மா மேல் எரிந்து விழுகிறான். என்ன செய்வது?

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க அக்கா. திடீர்னு நிறுத்தினா வலிப்பு மறுபடி வரலாம், விடாம தொடரவும் செய்யலாம். கோபம் அந்த மாத்திரையோட தெரிஞ்ச பக்கவிளைவுதான். மூளைக் காயத்தாலயும் வரும். நியூரோ டாக்டர்கிட்ட சொல்லுங்க. என் வீட்டுக்காரருக்கு மருந்தையே மாத்தினாங்க, மனுஷன் பழையபடி ஆனார்.

பதில்: சாவி, இரும்பு எதுவும் வேண்டாம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108. அடிபட்டு 7 நாளுக்கு அப்புறம் வர்ற வலிப்பு திரும்பவும் வர வாய்ப்பு அதிகம். டாக்டர் சொல்ற வரைக்கும் பைக் ஓட்ட விடாதீங்க.

பதில்: ரத்தத்துல சோடியம் பார்த்தாங்களா? எங்கப்பாவுக்கு அது குறைஞ்சுதான் குழப்பமும் வலிப்பும் வந்தது.

கேள்வி கேட்டவர்: பார்க்கலை. நாளைக்கே கேட்கிறேன். வண்டி சாவி இப்போ என் பீரோவில்.