குவைத் சீக்கோவைத் தேடிப் போய் ஏலத்தில் ஏமாந்த கதை – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கமுங்க. நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1986-ல் குவைத் போய்ச் சேர்ந்த முதல் வருஷச் சம்பளத்தில் ஒரு சீக்கோ 5 வாங்கினேன். ஆம்பளைங்க கட்டுகிற வாட்ச்தான். விநாடி முள் பெரிதாகத் தெரியும் என்பதற்காகவே அதை எடுத்தேன். வெள்ளி நிற டயல், கிழமை இங்கிலீஷிலும் அரபியிலும் வரும். நான்கு வருஷம் அந்த முள்ளைப் பார்த்துத்தான் எத்தனையோ பேருக்கு நாடி எண்ணியிருக்கிறேன்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்த பிறகு, பாக்தாத் வழியாக பஸ்ஸில் அம்மான் வந்து சேர்ந்தோம். விமானத்துக்குக் காத்துக் கிடந்த நாட்களில், கூட வந்த ஒரு குழந்தைக்குப் பால் பவுடர் வாங்குவதற்காக வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததில் வருத்தமே இல்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று மறுபடி கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இத்தனை வருஷமாகப் போகவில்லை.

போன வருஷம் என் தங்கை மகன் போனில் ஒரு ஏலத்தைக் காட்டினான். "சீக்கோ 5, கல்ஃப் பீஸ், முழுக்க ஒரிஜினல், கீ கொடுத்தால் நன்றாக ஓடும்" என்று போட்டிருந்தார்கள். ஆரம்ப விலை 1,200 ரூபாய். ஐந்து படம் இருந்தது, ஐந்தும் முகப் படம். டயல் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது போல மின்னியது. கடைசிப் பத்து நிமிஷத்தில் யாரோ ஒருவர் ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை. 4,850-க்கு எனக்கு முடிந்தது.

"கீ கொடுத்தால்" என்ற சொல்லிலேயே நான் நின்றிருக்க வேண்டும். என்னுடைய பழைய சீக்கோவுக்குக் கீ கொடுக்கவே முடியாது, கை ஆட ஆடத்தான் ஓடும். நான்கு வருஷம் கட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பார்சல் வந்ததும் பையன் வீடியோ எடுக்க எடுக்கப் பிரித்தோம். முதல் வேலையாக நாலு மணிப் பக்கம் இருக்கிற குமிழை இழுத்துக் கிழமையைத் திருப்பினேன். அந்த அரபி எழுத்தைப் பார்க்கத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்ததோ "மன்", அடுத்து "லூன்". ஸ்பானிஷில் திங்களாம். கல்ஃப் கடையில் விற்ற வாட்சில் அது எதற்குங்க?

கையில் கட்டி, பழைய பழக்கத்தில் என் நாடியையே எண்ணிப் பார்த்தேன். முள் ஒன்பதைத் தாண்டும்போது ஒரு தயக்கம். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே தயக்கம். கழற்றி மேசையில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் நின்றுபோகும்.

மறுநாள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனேன். அங்கே எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார், வயதானவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டயலை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "பெயிண்ட் அடிச்சதுங்க சிஸ்டர்" என்றார். லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார். நிமிஷக் கோடுகள் மணிக் கட்டைகளோடு நேராகச் சேரவில்லை. தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயிண்ட் தடித்து நின்றது. ஆறு மணிக்குக் கீழே டயல் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்க வேண்டுமாம், அந்த இடம் மொட்டையாக இருந்தது.

பிறகு பின்மூடியைத் திறந்தார். மூடியின் வெளிப்பக்கம் 6309 என்று தொடங்கியது. உள்ளே, அரை நிலா மாதிரி சுற்றுகிற ரோட்டரில் 7009, 17 ஜுவல்ஸ் (மிஷின் தேயாமலிருக்க உள்ளே வைக்கிற கற்கள்) என்று வெட்டியிருந்தது. டயலில் 21 ஜுவல்ஸ். சீக்கோவில் மூடியில் இருக்கிற முதல் நாலு எண் மிஷினின் எண், அடுத்த நாலு கேஸின் எண் என்று விளக்கினார். மூடியும் மிஷினும் டயலின் பொடி எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். "இங்க மூணும் மூணு ஊர்க்காரங்க. மூணு வாட்சைப் பிரிச்சு ஒண்ணாத் தெச்சிருக்காங்க" என்றார். எண்ணெய் காய்ந்து கெட்டியாகிப் போனதால்தான் முள் தயங்குகிறதாம். விநாடிக்கு ஆறு தட்டு தட்ட வேண்டிய மிஷின் அது. பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூடியில் இன்னொரு எண்ணும் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து சீக்கோவில் ஆறு இலக்கத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். முதல் இலக்கம் செய்த வருஷத்தின் கடைசி எண். இரண்டாவது இலக்கம் செய்த மாதம், அக்டோபருக்கு O, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. 5-க்குப் பின்னால் N என்று இருந்தால் 1975 நவம்பரோ 1985 நவம்பரோ. எந்தப் பத்தாண்டு என்பதை மிஷின் எண்தான் சொல்லும். 6309 என்றால் 1976-க்கு முன்னால் போகாது.

விற்றவர் முதலில் "பழைய பொருள் அப்படித்தான் இருக்கும், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். பழசு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. கீறல் இருக்கட்டும், டயல் மங்கியிருக்கட்டும், அது அதன் வயசு. ஒரிஜினல் என்று எழுதிவிட்டுப் பெயிண்ட் அடித்ததை அனுப்பியதுதான் குற்றம். விளம்பரத்தில் அவரே எழுதியது, பார்சல் பிரித்த வீடியோ, மூடியும் ரோட்டரும் ஒரே படத்தில் வெவ்வேறு எண் காட்டுவது – இந்த மூன்றையும் ஏலம் நடத்தியவர்களுக்கு அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் பணம் திரும்பியது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு 180 ரூபாய் மட்டும் என் கைக்காசு.

மூன்று வாரம் கழித்து அதே வாட்ச் வேறொரு பெயரில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. கண்ணாடியில் இரண்டு மணிப் பக்கம் இருந்த பிறை மாதிரிக் கீறலை வைத்துக் கண்டுபிடித்தேன். அதே ஐம்பது ஐம்பது ஏற்றம். புகார் கொடுத்தேன், விளம்பரம் இறங்கியது. யாராவது இதற்குள் வாங்கியிருந்தால் தயவுசெய்து மூடியைத் திறந்து பாருங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு என் ஹெச்எம்டி ஜனதாதான் ஞாபகம் வந்துச்சு. 2016-ல ஹெச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட முடிவு பண்ணினதுக்கு அப்புறம் "பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்" அப்படின்னு ஏலத்துல நிறைய வருது. அப்படித்தான் ஒண்ணு எடுத்தேன். பெட்டி மேல இருந்த அச்சு மங்கிப்போய், நகலை நகல் எடுத்த மாதிரி இருந்துச்சு. மூடியைத் திறந்தா உள்ள மிஷின்ல ஸ்க்ரூ தலை எல்லாம் தேஞ்சு கிடக்கு. எத்தனை பேரு திறந்து மூடினாங்களோ.

1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது அது. கீ கொடுக்கிற மாடல் நிறையத்துல உள்ள ஒரே 17 ஜுவல் மிஷின்தான். அதனால ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுல போடுறது ரொம்பச் சுலபம். ரிப்பேருக்கு அது வரம், ஏலத்துல வாங்குறவனுக்குச் சாபம். ஜனதா மிஷினை எடுத்து, பைலட்ங்கிற இன்னொரு ஹெச்எம்டி மாடலோட டயலை மாட்டினா, பைலட்னு கூடுதல் விலைக்கு வித்துரலாம். மிஷினைப் பார்த்தாக்கூட வித்தியாசம் தெரியாது. டயல் அச்சு, முள்ளோட நீளம், கேஸ் மூணையும் தெரிஞ்ச பைலட் படத்தோட ஒப்பிட்டுத்தான் பிடிக்கணும். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடாம குட்டையா நின்னா, அது வேற வாட்சு முள்ளு.

நான் திருப்பி அனுப்பலை. புனலூர்ல ஒருத்தர்கிட்ட வாஷ் பண்ணி ஆயில் போட்டு, தினமும் காலைல கீ கொடுத்துக் கட்டுதேன். ஆனா "புதுசு"ன்னு நம்பிக் கொடுத்த காசு புதுசுக்குக் கொடுத்த காசுதான், அந்த வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு.

களியக்காவிளையிலிருந்து:

எனக்கு நடந்தது வேற. ஒரு ஃபேவர்-லூபா சீ கிங், பழைய சுவிஸ் வாட்ச். ஏலத்துல நான் ரெண்டாவது, 3,500-ல நிறுத்திட்டேன். மறுநாள் ஒரு மெசேஜ். "ஜெயிச்சவர் பணம் கட்டலை, உங்க விலைக்கே தாறேன், நேரா யுபிஐ-ல அனுப்புங்க." விளம்பரத்துல இருந்த அதே படத்தையும் அனுப்பினான். அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல அந்த நம்பர் செத்துப்போச்சு. உண்மையான விற்பனைக்காரர்கிட்ட கேட்டா, அவரு வாட்சை ஜெயிச்சவருக்கே அனுப்பியாச்சுன்னாரு. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போட்டேன். அந்தக் கணக்குல மிச்சம் இருந்த 2,100-ஐ பேங்க் நிறுத்தி வச்சுது, பாக்கி போனது போனதுதான். பணம் போன அந்த மணி நேரத்துக்குள்ள கூப்பிடணும், அதுக்காகத்தான் இதை எழுதுதேன்.

கம்பத்திலிருந்து:

குமுளிப் பக்கம் ஏலக்காய் ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே காயை உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். வாட்சில் அதைச் செய்யாமல் போய் ஏமாந்தேன்.

சிஸ்டருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. எனக்கு விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொன்னேன், பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, 2019-ஆம் வருஷச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நான் டெல்லிக்கு அலைய வேண்டாம், தேனியே போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் போன உடனே கடைக்காரர் இறங்கி வந்து முழுப் பணமும் கொடுத்தார். தொழிலாக விற்கிறவர் என்பதால்தான் இது எடுபட்டது. வீட்டிலிருந்த ஒரே பழைய வாட்சை விற்கிற தனி ஆள் என்றால் இந்த வழி அவ்வளவு உதவாது. அதனால் அவர் இதுவரை எத்தனை விற்றிருக்கிறார் என்று வாங்குவதற்கு முன்பே பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மறுபடி:

எல்லோருக்கும் நன்றிங்க. களியக்காவிளைத் தம்பி, உங்களுக்கு வந்த மாதிரி ஒரு மெசேஜ் எனக்கும் வந்தது. நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால் அழித்துவிட்டேன்.

போன மாதம் மலப்புறத்தில் ஒருவர் தன் அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்ததை ஏலத்தில் போட்டிருந்தார். மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். மறுநாளே ரோட்டர் படமும், ஏழு கிழமையும் இரண்டு மொழியிலும் திரும்புகிற வீடியோவும் அனுப்பினார். டயல் பழுப்பேறி, ஓரத்தில் புள்ளி விழுந்திருந்தது. ஆறுக்குக் கீழே அந்தப் பொடி எண் மட்டும் தெளிவாக இருந்தது. மூடியிலும் அதே நாலு எண். 3,000 வரை போகலாம் என்று எழுதி வைத்துக்கொண்டேன், 3,400-க்கு வேறு யாருக்கோ போய்விட்டது. அரபி வெள்ளிக்கிழமை மெதுவாக வந்து ஜன்னலில் நிற்கிற அந்த வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

இப்போது இன்னொன்று வந்திருக்கிறது, ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு ஏலம் முடியும். திறந்த மூடியின் படம் கேட்டு நாலு நாளாகிறது. பதில் வரவில்லை. படம் வராமல் நான் ஏலத்தில் விலை கேட்கப் போவதில்லை.