65 வாட் அடாப்டரில் புதிய கைப்பேசி மெதுவாக ஏறுகிறது, தொட்டால் சுருசுருக்கிறது. எந்தச் சார்ஜரும் கேபிளும் வாங்கலாம்?

ரங்கூன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் ரங்கூனில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற மாதம் சாம்சங் கேலக்ஸி ஏ55 கைப்பேசி வாங்கினேன். பெட்டிக்குள் இரு முனையிலும் சிறிய சி வகை செருகி உள்ள கேபிள் மட்டுமே இருந்தது, அடாப்டர் இல்லை. எங்கள் தெருவில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. வந்திருக்கும் சில மணி நேரத்திற்குள் நீர் ஏற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், கைப்பேசிக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதால், வேகமாக ஏற்றும் என்று கடைக்காரர் சொன்ன 65 வாட் அடாப்டர் ஒன்றைச் சந்தையில் வாங்கினேன். அதில் பழைய அகலமான யூஎஸ்பி துளை மட்டுமே இருந்ததால், அதற்கேற்ற இரண்டு மீட்டர் கேபிளையும் அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் ஆகியும் சார்ஜ் முழுதாக ஏறுவதில்லை. திரையில் வெறும் 'சார்ஜிங்' என்று மட்டுமே வருகிறது. அது மட்டுமன்று, செருகியிருக்கும்போது தட்டச்சு செய்தால் விரல் படாத எழுத்துகள் தாமாக விழுகின்றன. வெறுங்காலுடன் தரையில் நின்று கைப்பேசியை எடுத்தால், ஓரச் சட்டத்தில் எறும்பு ஊர்வது போல் சுருசுருவென்று இருக்கிறது. அடாப்டரின் மேல் 'அவுட்புட் 5 வோல்ட் 2 ஆம்பியர், 10 வோல்ட் 6.5 ஆம்பியர்' என்று அச்சிட்டிருக்கிறது. பழுது கைப்பேசியிலா, அடாப்டரிலா? மாற்றுவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பெகு மாணவன்:

அக்கா, முதலில் கைப்பேசி அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குச் சென்று, வேகச் சார்ஜிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, 25 வாட் ஏற்கும் கைப்பேசிக்கு 65 வாட் கொடுத்தால் பேட்டரி சூடாகிக் கெட்டுவிடும் என்று என் மாமா சொல்கிறார். அதனால்தான் கைப்பேசி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதோ என்னவோ.

மோல்மேன் பழுதுபார்ப்பவர்:

தம்பி சொன்ன முதல் யோசனை சரி, இரண்டாவது சரியன்று. குழாயில் எவ்வளவு நீர் இருந்தாலும் நாம் திறந்த அளவுதான் குடத்தில் விழும். அதுபோல அடாப்டரின் மேல் எழுதியுள்ள வாட், அது தரக்கூடிய உச்ச அளவேயன்றிக் கைப்பேசிக்குள் திணிக்கும் அளவன்று. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கைப்பேசி. முறையாகச் செய்த 100 வாட் அடாப்டரில் செருகினாலும் ஏ55 தனக்குரிய 25 வாட்டுக்கு மேல் எடுக்காது.

அம்மா, உங்கள் சிக்கல் அந்தக் 'கேட்பதில்'தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய 10 வோல்ட், 6.5 ஆம்பியர் என்ற குறிப்பைப் பெருக்கினால் 65 வாட் வரும். ஆனால் எவ்வளவு வோல்ட் என்று அடாப்டரும் கைப்பேசியும் பேசிக்கொள்ளும் பொது நெறியான யூஎஸ்பி பவர் டெலிவரியின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 10 வோல்ட் அதில் இல்லை. சில கைப்பேசி நிறுவனங்கள் தத்தம் கைப்பேசிக்கென்று வகுத்துக்கொண்ட தனி நெறியின் அளவு அது. அந்த மொழி சாம்சங் கைப்பேசிக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது 5 வோல்ட், 2 ஆம்பியர் மட்டுமே என்பதால் 65 வாட் அடாப்டர் உங்களிடம் 10 வாட் அடாப்டராக வேலை செய்கிறது. ஏ55 பேட்டரி 5000 எம்ஏஎச். ஏறக்குறைய 19 வாட் மணி. பத்து வாட்டில், இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று மணி நேரம் ஆவதில் வியப்பில்லை.

அடுத்தது கேபிள். பவர் டெலிவரிப் பேச்சுவார்த்தை, சி வகைச் செருகியில் உள்ள சிசி என்னும் தனிக் கம்பி வழியாக நடக்கிறது. அகலமான பழைய துளையில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை. ஆகவே ஒரு முனை அகலமாக உள்ள எந்தக் கேபிளாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், உங்கள் கைப்பேசி 25 வாட்டை எட்டாது. பெட்டியில் வந்த கேபிளே சரியானது. அதற்கேற்ற அடாப்டர்தான் உங்களிடம் இல்லை.

நீளமும் ஒரு கணக்குத்தான். கம்பியின் பருமனை ஏடபிள்யூஜி (AWG) என்ற எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மலிவான கேபிள்களில் 28 ஏடபிள்யூஜி அளவுள்ள மயிரிழைக் கம்பியைப் போடுகிறார்கள். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். இரண்டு மீட்டர் கேபிளில் மின்னோட்டம் போக இரண்டு, வர இரண்டு என நான்கு மீட்டர் கடக்கிறது. 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.7 வோல்ட் தொலைந்து, 5 வோல்ட்டில் 3.3தான் மிஞ்சும். அவ்வளவு குறைந்தால் சார்ஜே ஏறாது என்பதால் கைப்பேசி மின்னோட்டத்தை இன்னும் குறைத்துக்கொள்கிறது. 24 ஏடபிள்யூஜி கம்பியானால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கும். ஒரு மீட்டர் போதுமென்றால் ஒரு மீட்டரே வாங்குங்கள்.

இப்போது சுருசுருப்புக்கு வருகிறேன். வேகத்தை விட எனக்குக் கவலை தருவது அதுதான். இரண்டு கால் அடாப்டர்களில் நில இணைப்பு இல்லை. மின்னிரைச்சலை அடக்குவதற்காக, 230 வோல்ட் பக்கத்திற்கும் 5 வோல்ட் பக்கத்திற்கும் இடையே, பாதுகாப்புக்கென்றே செய்த ஒய் வகை மின்தேக்கி ஒன்றை வைப்பார்கள். அதன் வழியே மிகச் சிறு கசிவு எப்போதும் உண்டு. ஏ55-இன் ஓரச் சட்டம் அலுமினியம் என்பதால், நல்ல அடாப்டரிலும் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அது லேசாகத் தெரியலாம். ஆனால் எழுத்துகள் தாமாக விழுவதும் சேர்ந்திருப்பதால், இரைச்சலை அடக்கும் பகுதியே உங்கள் அடாப்டரில் ஒழுங்காக இல்லை என்று கருதுகிறேன். தொடுதிரை விரலின் மிக நுண்ணிய மின்தேக்கத்தை அளந்து வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்தால் இல்லாத விரலை இருப்பதாக எண்ணிவிடும். அடாப்டரைக் கழற்றியதும் திரை ஒழுங்காகிறதா என்று பாருங்கள். ஒழுங்கானால் கைப்பேசியில் குறை இல்லை.

சென்ற வாரம் இப்படிப்பட்ட மலிவு அடாப்டர் ஒன்று எரிந்துபோய் என் மேசைக்கு வந்தது. பிளந்து பார்த்தேன். ஃபியூஸ் இல்லை. ஒய் வகை மின்தேக்கி இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண நீல வில்லை மின்தேக்கி ஒன்று. மின்மாற்றியில் இரு சுற்றுகளுக்கும் இடையே ஒற்றைச் சுற்று மஞ்சள் நாடா, அதுவும் ஓரத்தில் பிரிந்திருந்தது. பலகையின் அடியில் 230 வோல்ட் பாதைக்கும் கைப்பேசிக்குப் போகும் பாதைக்கும் நடுவே ஓர் அரிசியின் நீளமாவது, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும்; இதில் அரிசியின் பருமன் கூட இல்லை. மழைக்காலத்து ஈரமும் ஒரு கரப்பானும் போதும், அந்த இடைவெளியைக் கடக்க. கனமாக இருந்தால் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். எடைக்காக இரும்புத் துண்டை ஒட்டியிருந்ததையும் கண்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் அடாப்டரைப் பிளக்க வேண்டாம். கழற்றிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

வாங்க வேண்டியது இதுதான். சி வகைத் துளை உள்ள, 25 வாட்டோ அதற்கு மேலோ தரக்கூடிய பவர் டெலிவரி அடாப்டர். அதன் அச்சில் பிபிஎஸ் (PPS) என்ற எழுத்துகள் கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பேசி கேட்கக் கேட்க அடாப்டர் வோல்ட்டை 20 மில்லிவோல்ட் படிகளாகக் கூட்டிக் குறைக்கும் முறை அது. மாற்றும் வேலை கைப்பேசிக்குள் குறைவதால் சூடும் குறைகிறது. சாம்சங்கின் 25 வாட் அடாப்டரில் 'பிபிஎஸ் 3.3 முதல் 5.9 வோல்ட், 3 ஆம்பியர், 3.3 முதல் 11 வோல்ட், 2.25 ஆம்பியர்' என்று இருக்கும். வேறு நிறுவனத்தினுடையது வாங்கினாலும் இந்த அளவுகள் அதற்குள் அடங்க வேண்டும். பிபிஎஸ் இல்லாவிட்டால் வெறும் 'ஃபாஸ்ட் சார்ஜிங்' வரை ஏறுமே தவிர 'சூப்பர் ஃபாஸ்ட்' வராது. 5 ஆம்பியர் கேபிளை விற்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். அதன் முனையில் இருக்கும் அடையாளச் சில்லு 3 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் கருவிகளுக்கே தேவை.

ரங்கூன் ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா. கழற்றிப் பார்த்தேன்; திரை உடனே ஒழுங்காகிவிட்டது. அந்த அடாப்டரை இனித் தொடப்போவதில்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. இங்கே வோல்ட் சில நேரம் மிகக் குறைந்து விளக்கு மஞ்சளாகிறது. மின்சாரம் திரும்பி வரும்போது மின்விசிறி பறப்பது போல் சுற்றுகிறது. நல்ல அடாப்டர் இதைத் தாங்குமா?

மோல்மேன் பழுதுபார்ப்பவர்:

குறைவதைத் தாங்கும். 'இன்புட் 100-240 வோல்ட்' என்றிருந்தால் 150-க்கு இறங்கினாலும் அது வேலை செய்யும். மின்விசிறியைப் பறக்கவிடும் அந்த முதல் நிமிடம்தான் ஆபத்து. மின்சாரம் போனதும் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். நள்ளிரவில் வரும் மின்சாரத்துக்காக விழித்திருக்க இயலாதென்றால், குளிர்பெட்டிக்கு வைப்பார்களே, சில நிமிடம் தாமதித்து இணைப்புத் தரும் காப்புக் கருவி, அதை வாங்கிக்கொள்ளலாம். செருகும் இடமும் ஆடாமல் இருக்க வேண்டும். நம் வீடுகளில் வட்டக் கால், சதுரக் கால், தட்டைக் கால் என்று எல்லாம் கலந்து கிடப்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிகளை மாட்டுகிறோம். தளர்ந்த தொடுப்பு சூடாகிக் கருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் சுவர்த்துளைக்கு நேரே பொருந்தும் காலுள்ள அடாப்டராகவே கேட்டு வாங்குங்கள்.

பெகு மாணவன்:

ஐயா, மாமாவிடம் குழாய்க் கணக்கைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சை மாற்றிவிட்டார். எங்கள் வீட்டில் சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் உண்டு. அடாப்டரை இன்வெர்ட்டரில் செருகினால் இரைகிறது. கெடுதலா?

மோல்மேன் பழுதுபார்ப்பவர்:

மலிவான இன்வெர்ட்டரின் அலை வளைந்து வராமல் படிக்கட்டாக வருகிறது, இரைச்சல் அதனால்தான். நல்ல அடாப்டர் உடனே கெடாது, கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்கி, மறுபடி அதை 9 ஆக்குவது எதற்கு, தம்பி? இரு முறையும் இழப்பு. காரில் செருகும் வகைப் பவர் டெலிவரிச் சார்ஜர், பிபிஎஸ் உள்ளதாகப் பார்த்து, பேட்டரியிலிருந்தே நேராக இணையுங்கள். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். 12 வோல்ட்தானே என்று எண்ண வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கம்பி பழுத்துவிடும்.

ரங்கூன் ஆசிரியை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு கடை ஏறி இறங்கிய பிறகே பிபிஎஸ் என்று அச்சிட்ட 25 வாட் அடாப்டர் கிடைத்தது. மூன்று கடைகளில் அப்படியென்றால் என்னவென்று என்னையே கேட்டார்கள். பெட்டியில் வந்த கேபிளைச் செருகியதும் 'சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வந்தது. நேற்று மாலை 14 சதவீதத்தில் செருகினேன். சோறு வெந்து, குழம்பு கொதித்து இறக்குவதற்குள், ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில், 80-ஐத் தாண்டிவிட்டது. அதன் பிறகு மெதுவாகவே ஏறியது. பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் குறைவது இயல்பு என்று கடைசிக் கடைக்காரரே சொன்னார். எழுத்துகள் தாவவில்லை. ஓரச் சட்டத்தில் சுருசுருப்பு மிக லேசாக, வெறுங்காலுடன் நின்றால் மட்டுமே தெரிகிறது. பழைய அடாப்டரை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று அதன் கால்களை இடுக்கியால் வளைத்துவிட்டேன்.