தங்கச்சிக்கு தீட்டு வலி, வலது கிட்னி இல்ல, ரங்கூன்ல எந்த டாக்டரைப் பாக்கணும்?

வணக்கம் அக்கா, அண்ணன் எல்லாருக்கும். நாங்க பர்மாவுல மோல்மேன் பக்கம். தங்கச்சிக்கு வயசு 18, பெரியவளானது 15ல, மாசாமாசம் தீட்டு ஒழுங்காதான் வருது ஆனா வலி வருசத்துக்கு வருசம் கூடிக்கிட்டே போகுது, இப்ப அடிவயித்துல வலது பக்கம் அமுக்குனா கெட்டியா ஒரு உருண்டை தட்டுப்படுது, அந்த நாள்ல ஒண்ணுக்கு போகவே கஷ்டப்படுறா, சுவத்துல சாய்ஞ்சு முழங்காலைக் கட்டிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கா.

பான்ஸ்டான் வலி மாத்திரை குடுத்தோம், கேக்கல. ஒரு கிளினிக்ல குடல்வால்னு மருந்து குடுத்தாங்க. அப்புறம் ஸ்கேன், எம்ஆர்ஐ ரெண்டுலயும் ஒரே ரிசல்ட்: கர்ப்பப்பை ரெண்டா இருக்கு, வலது கிட்னி பிறவியிலேயே இல்ல, வலது பக்க பிறப்புறுப்புப் பாதையை ஒரு சவ்வு அடைச்சு ரத்தம் தேங்கி நிக்குது. இடது பக்கம் வழியா தீட்டு வர்றதாலதான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகமே வரலயாம்.

ஒரு டாக்டர் ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துடலாம்னார். இன்னொருத்தர், அப்படி செஞ்சா திரும்ப தேங்கும், சீழ் பிடிக்கும், கீழ் வழியாவே சவ்வை வெட்டி எடுக்கணும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதே இல்லன்னார், எனக்கும் இதுதான் சரின்னு படுது, ஆனா அவர் இந்த ஆபரேஷன் செய்றதில்லயாம். சொந்தக்காரங்க கல்யாணம் பண்ணா சரியாயிடும்ங்கிறாங்க, அதைக் கேக்குறதா இல்ல.

ரங்கூன்ல இந்த சவ்வு ஆபரேஷன் செஞ்சு அனுபவம் உள்ள லேடி டாக்டர் யாரு இருக்காங்க?