பழைய மல்டிமீட்டர் திரைக்குப் பின்விளக்கு: செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் மோட்டார், பேனல் போர்டு வேலை செய்கிறேன். என்னுடைய பழைய டிஜிட்டல் மல்டிமீட்டர் 7106 ஐ.சி. (அளவை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும் சிப்) கொண்டது, அளவு இன்றும் துல்லியம். திரையில்தான் வெளிச்சம் இல்லை. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் இருண்ட பேனல் அறைகளில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு 415 வோல்ட் லைனை அளப்பது ஆபத்து. புதிது வாங்கச் சொல்லாதீர்கள், இந்த மீட்டரை நான் நம்புகிறேன்.

மின் இணைப்பு எனக்குத் தெளிவு. 9 வோல்ட் பேட்டரியில், சுவிட்சுக்குப் பிறகு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு வெள்ளை எல்.இ.டி.; சுமார் 6 மில்லி ஆம்பியர் ஓடும். ஐ.சி. எடுப்பதே ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் என்பதால் விளக்குக்குத் தனி பட்டன் வைப்பேன்.

சிக்கல் எல்.சி.டி.யின் முதுகில். வெள்ளி நிறப் பிரதிபலிப்புத் தாள், போலரைசரோடு (ஒளியை ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் தாள்) சேர்ந்தே ஒட்டியிருக்கிறது, வெளிச்சம் புகாது. உரித்தால் போலரைசரும் போய்விடும், எண்களே தெரியாது. கண்ணாடி உடையாமல் அதை உரித்தவர்கள் இருக்கிறீர்களா? சூடு காட்டினீர்களா? ஒளி ஊடுருவும் போலரைசர் தாள் வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? பழுதான லேப்டாப் திரையிலிருந்து எடுத்தது பொருந்துமா, எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும்? ஜீப்ரா ரப்பரை (திரையையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கும், மின்சாரம் கடத்தும் வரிகள் கொண்ட ரப்பர் பட்டை) திரும்பப் பொருத்தும்போது எண்களில் கோடுகள் விடுபடாமல் இருக்கவும் வழி சொல்லுங்கள். படம் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.